ரஸ்ஸலை எங்கே வைப்பது? கூடைப்பந்துத் தரவரிசைகளும் அவற்றின் கணக்கும்

1961-62 சீசன் முடிந்தபோது அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பிலடெல்பியா வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்திருந்தார், தவறிய வீச்சைப் பிடிக்கும் ரீபவுண்ட் 25.7. சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலுமே சராசரியை இரட்டை இலக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் எடுத்த புள்ளியோ 18.9தான். அந்தக் காலத்தில் சிறந்த வீரர் விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் வீரர்களே. அவர்கள் ரஸ்ஸலைத் தேர்ந்தெடுத்தார்கள். செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் முதல் ஐவரில் சென்டர் இடம் சேம்பர்லினுக்குப் போனது. ரஸ்ஸலுக்கு இரண்டாவது ஐவரில்தான் இடம். எதிரே நின்று ஆடியவர்கள் ஒன்று சொல்ல, பார்த்து எழுதியவர்கள் வேறொன்று சொன்னார்கள்.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. கணினி வந்தது, புள்ளியியல் வல்லுநர்களை அணிகளே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டன, அரங்கின் கூரையில் கேமரா வந்தது. ஆனாலும் எல்லாக் காலத்துக்கும் சிறந்த பத்து வீரர்கள் யார் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பட்டியல் நீட்டுகிறார்கள். குறை கணக்கில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதை எழுதிவைத்தார்கள், எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்ற இரண்டிலேயே வரிசையின் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. கூட்டல் பெருக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் எழுதிவைத்த கதை. ரீபவுண்டுகளை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1950-51இல். யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்ற கணக்கு அதற்கு அடுத்த சீசனில் வந்தது. எதிரியின் பந்தைப் பறிக்கும் ஸ்டீல், வீச்சைத் தடுக்கும் பிளாக் இரண்டும் 1973-74 வரை அதிகாரப்பூர்வக் கணக்கிலேயே இல்லை. தாக்குதல் ரீபவுண்ட் வேறு, தடுப்பு ரீபவுண்ட் வேறு என்று பிரித்ததும் அந்த ஆண்டில்தான். பந்தைப் பறிகொடுக்கும் டர்னோவரை வீரர்வாரியாக எழுதியது 1977-78இல். மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது.

ரஸ்ஸல் 1969இல் ஓய்வு பெற்றார். பந்தைத் தடுப்பதையே ஒரு கலையாக்கியவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் மனிதரின் பெயரில் ஒரு பிளாக்கூடக் கணக்கில் இல்லை. இன்று பரவலாகப் பயன்படும் பாக்ஸ் பிளஸ்-மைனஸ் என்ற அளவுகோல் 1973-74இலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. அந்தப் பட்டியலில் ரஸ்ஸல் எத்தனையாவது இடம் என்று தேடினால் பெயரே கிடைக்காது, சேம்பர்லினும் இருக்கமாட்டார். கரீம் அப்துல்-ஜப்பார் இருப்பார், ஆனால் அவருடைய முதல் நான்கு சீசன்கள் இருக்காது. அவர் வாங்கிய ஆறு சிறந்த வீரர் விருதுகளில் இரண்டு, 1971, 1972 ஆண்டுகளுடையவை, அந்த நான்குக்குள்தான் வருகின்றன. அப்படியிருந்தும் இந்தப் பட்டியலை எடுத்துக்காட்டி 'கரீம் இத்தனையாவது இடம்தான்' என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு.

எழுதிவைத்தவையும் முழுச் சுத்தம் என்று சொல்ல முடியாது. கூடைக்குள் பந்து விழுந்ததா இல்லையா என்பதில் ஐயம் வராது. அசிஸ்ட் அப்படியில்லை, பந்தைக் கொடுத்தவருக்கு அந்தக் கூடையில் பங்கு உண்டா என்று மேசையில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்தான் தீர்மானிக்கிறார். 1997இல் வான்கூவரில் நடந்த ஓர் ஆட்டத்தில் லேக்கர்ஸின் நிக் வான் எக்ஸல் பெயரில் 23 அசிஸ்ட் பதிவானது. அன்று மேசையில் இருந்தவரே பல ஆண்டுகள் கழித்து, வேண்டுமென்றே தாராளமாகப் போட்டேன் என்று சொல்லிவிட்டார். மைக்கேல் ஜோர்டன் 1987-88இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அந்த சீசனில் சொந்த அரங்கில் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 4 ஸ்டீல், வெளியூரிலோ 2-ஐச் சற்றே தாண்டியது. வெளியூரில் கை குறுகிவிடுமா என்ன? சிகாகோ மேசையின் கை தாராளம் என்று கொள்வதுதான் நியாயம். அவர் மோசமான தடுப்பாட்டக்காரர் என்று இதற்குப் பொருளில்லை. ஸ்டீல் எண்ணிக்கையை வைத்து இரண்டு பேரைத் தசம இடம் வரை ஒப்பிடுவது வீண் வேலை, அவ்வளவுதான்.

இனி 50.4 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம், எல்லா விவாதமும் வந்து முட்டும் சுவர் அதுதான். அதே சீசனில், 1962 மார்ச் 2 அன்று, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சாக்லேட் தொழிற்சாலை ஊரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராகச் சேம்பர்லின் 100 புள்ளி எடுத்தார். அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி வரவில்லை, படச்சுருள் இல்லை. வாரியர்ஸின் விளம்பர அதிகாரி ஹார்வி பொல்லாக் ஒரு தாளில் '100' என்று எழுதிக் கையில் கொடுக்க, அதைப் பிடித்தபடி சேம்பர்லின் உட்கார்ந்திருக்கும் புகைப்படம்தான் உலகத்துக்குக் கிடைத்தது. 63 முறை வீசி 36 கூடை. ஃப்ரீ த்ரோவில் 32க்கு 28. ஃப்ரீ த்ரோவில் வாழ்நாள் முழுக்கத் தடுமாறிய ஆளுக்கு அன்று மட்டும் கை கொடுத்தது.

இந்த எண்களை இன்றைய எண்களோடு வைத்துப் பார்க்க இரண்டு திருத்தம் வேண்டும். ஒன்று, நேரம். சேம்பர்லின் அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 48.5 நிமிடம் ஆடினார். ஓர் ஆட்டமே 48 நிமிடம்தான். கூடுதல் நேர ஆட்டங்களும் சேர்ந்ததால் இந்த விநோதம். இன்னொன்று, வேகம். அன்று ஓர் அணி ஆட்டத்துக்கு 107 தடவைக்கு மேல் கூடையை நோக்கி வீசியது, அதில் பாதிக்கும் மேல் தவறியது. அதனால் ரீபவுண்டுகளும் கொட்டிக்கிடந்தன. ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 126 தடவையாவது பந்து கைக்கு வந்திருக்கும் என்பது மதிப்பீடு. அண்மைக் காலத்தில் அது 100ஐ ஒட்டியே நிற்கிறது. சேம்பர்லினின் புள்ளியை 36 நிமிடத்துக்குச் சுருக்கினால் 37.4 வரும். வேகத்தையும் திருத்தினால் 30க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 1986-87இல் ஜோர்டன் எடுத்த 37.1 புள்ளியை 36 நிமிடத்துக்குச் சுருக்கினால் 33. 2018-19இல் ஜேம்ஸ் ஹார்டன் எடுத்த 36.1 அதே கணக்கில் 35. இவர்கள் இருவர் காலத்திலும் வேகம் 100ஐ ஒட்டித்தான் இருந்தது.

இத்தோடு சேம்பர்லினை இறக்கிவைத்துவிட்டுப் போகிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். எத்தனை வாய்ப்பில் எத்தனை புள்ளி என்பதையும் கேட்க வேண்டும். வீச்சையும் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் போடும் 'ட்ரூ ஷூட்டிங்' கணக்கில் அந்த ஆண்டு போட்டியின் சராசரி சுமார் 48 விழுக்காடு, சேம்பர்லின் 53.6. போட்டியின் சராசரியைவிட ஐந்தரைப் புள்ளிக்கு மேல். ஹார்டனும் 2018-19இல் தன் காலச் சராசரியைவிடக் கிட்டத்தட்ட அதே அளவுதான் உயர்ந்து நின்றார். ஆக 50.4 சுருங்கும், ஆனால் பொய்யாகாது. சேம்பர்லின் வெறும் எண்ணுக்காக ஆடியவர் என்ற வசையை இந்தக் கணக்கு ஏற்கவில்லை.

ஒரே எண்ணில் வீரரை அடக்கும் ஆசை இதற்குப் பின் வந்தது. ஜான் ஹோலிஞ்சர் உருவாக்கிய பி.இ.ஆர். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, போட்டியின் சராசரி எப்போதும் 15 வரும்படி அமைத்தது. பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் செய்ததை வைத்து ஜஸ்டின் குபட்கோ 'வின் ஷேர்ஸ்' கொண்டுவந்தார். அணியின் வெற்றிகளை வீரர்களுக்குப் பங்கு போடும் முறை அது. இரண்டும் பயனுள்ளவை, இரண்டுக்கும் ஒரே நோய்: அந்தந்த ஆண்டின் சராசரியோடுதான் ஒப்பிடுகின்றன, அந்தச் சராசரி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று கேட்பதில்லை. 1950களில் வாரியர்ஸுக்கு ஆடிய நீல் ஜான்ஸ்டனை இன்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆனால் 48 நிமிடத்துக்கு இத்தனை வின் ஷேர்ஸ் என்ற பட்டியலில் அவர் எல்லாக் காலத்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அணிகள் பத்துக்கு மேல் இல்லை, கறுப்பின வீரர்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்கே சேர்த்த காலம், வெளிநாட்டு வீரர் என்ற பேச்சே இல்லை. அந்தச் சராசரியைத் தாண்டுவதும் இன்றைய சராசரியைத் தாண்டுவதும் ஒன்றா?

அதே பட்டியலில் ஜோர்டனுக்கு மயிரிழை பின்னால் டேவிட் ராபின்சன் நிற்கிறார். எல்லாக் காலத்து முதல் மூவரில் ராபின்சனை வைக்கிறவரை நான் பார்த்ததில்லை. காரணம் 1995. அந்த ஆண்டு சிறந்த வீரர் விருது ராபின்சனுக்கு. ஆனால் பிளே-ஆஃபின் மேற்கு இறுதியில் எதிரே வந்த ஹக்கீம் ஒலாஜுவான் சராசரி 35.3 புள்ளி எடுத்து அவரைத் திணறடித்தார். சீசன் சராசரி எல்லா அணியோடும் ஆடிய ஆட்டங்களின் மொத்தம். பிளே-ஆஃப் ஒரே எதிரியோடு, அவர் உங்கள் பலவீனத்தைப் படித்துவிட்டு வந்த பிறகு, ஏழு ஆட்டம் வரை ஆடுவது. அதற்குக் கூடுதல் எடை கொடுப்பது சரிதான். ஆனால் ஏழே ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. எவ்வளவு எடை என்பதில் நேர்மையானவர்களும் ஒத்துப்போவதில்லை.

புள்ளியியலுக்கும் ரசிகர் மனசுக்கும் நடந்த பெரிய சண்டை ஆலன் ஐவர்சனைப் பற்றியது. 2000-01இல் 31.1 புள்ளி, சிறந்த வீரர் விருது, பிலடெல்பியாவை இறுதிப் போட்டிக்கு இழுத்துக்கொண்டு போன பெருமை. 2006இல் டேவிட் பெரி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் எழுதிய 'தி வேஜஸ் ஆஃப் வின்ஸ்' அவரை அவ்வளவு பெரிய வீரராக மதிக்கவில்லை. ரீபவுண்ட் குவித்த டென்னிஸ் ரோட்மனைத் தூக்கிவைத்தது. ஐவர்சனின் ட்ரூ ஷூட்டிங் அந்த ஆண்டு போட்டிச் சராசரியோடு அப்படியே ஒத்துப்போகிறது, 52 விழுக்காடு. கணக்கு பிழையில்லை. ஆனால் அந்த அணியைப் பாருங்கள். டிக்கெம்பே முட்டோம்போ, ஆரன் மெக்கீ என்று தடுப்பிலும் உழைப்பிலும் கெட்டி. சொந்தமாக ஒரு வீச்சை உருவாக்கிக்கொள்ளும் ஆள் ஐவர்சனைத் தவிர யாருமில்லை. அவர் வீசிய பந்தை இவர்களில் ஒருவர் வீசியிருந்தால் 52 விழுக்காடு கிடைத்திருக்குமா? பாரம் கூடக்கூடத் திறன் குறையும் என்ற விஷயத்தை 'பாஸ்கெட்பால் ஆன் பேப்பர்' எழுதிய டீன் ஆலிவர் 2004லேயே பேசியிருந்தார். ரோட்மன் பக்கமும் இதே சிக்கல்தான். அவர் பிடித்த தடுப்பு ரீபவுண்டில் ஒரு பங்கை அவர் இல்லாவிட்டாலும் பக்கத்தில் நின்ற தோழர் பிடித்திருப்பார். ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 2016-17இல், புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம் என்ற டிரிபிள்-டபுள் சராசரியில், விருது வாங்கியபோது இதையே கண்ணால் பார்த்தோம்: உயரமான தோழர்கள் எதிரிகளை மறித்து நிற்க, பந்து அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

தாளில் ஏறாத உழைப்பைப் பிடிக்க வேறு வழி தேடினார்கள். ஒரு வீரர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முன்னே போகிறது, வெளியே உட்கார்ந்தால் என்ன ஆகிறது? இதுதான் பிளஸ்-மைனஸ். மார்க் கியூபனின் டாலஸ் அணிக்காக வேய்ன் வின்ஸ்டனும் ஜெஃப் சகரினும் இதைக் கணக்காக்கினார்கள். 2004இல் டான் ரோசன்பாம் அந்த முறையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். ஹூஸ்டனின் ஷேன் பேட்டியர் இதனால்தான் புகழ் பெற்றார். புள்ளி இல்லை, ரீபவுண்ட் இல்லை. ஆனால் எதிரணியின் பெரிய வீரரை அவருக்குப் பிடிக்காத இடத்துக்குத் தள்ளி வீசவைப்பார். 2009இல் மைக்கேல் லூயிஸ் அவரைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு பழைய கணக்குகளைப் பார்த்தால் கொஞ்சம் வெறுமையாகத்தான் தெரியும்.

இதிலும் ஒரு கண்ணி. எப்போதும் சேர்ந்தே வாசிக்கும் இரண்டு நாயனக்காரர்களில் கச்சேரியை யார் தூக்கி நிறுத்தினார் என்று எப்படிச் சொல்வது? 2015-16இல் பிளஸ்-மைனஸ் மொத்தத்தில் போட்டி முழுவதற்கும் முதலிடம் கோல்டன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீனுக்கு, அதே அணியின் ஸ்டீபன் கரி அவருக்குப் பின்னால். அந்த ஆண்டு 402 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு ஏகமனதாக விருது வாங்கியவர் கரி. 2010இல் ஜோ சில் கொண்டுவந்த திருத்தம், சான்று மெலிந்த இடத்தில் வீரரைச் சராசரியை நோக்கி இழுத்துவைத்து இந்தக் குழப்பத்தைக் குறைத்தது. அந்தக் கணக்கில் கெவின் கார்னெட் ரசிகர்கள் நினைப்பதைவிட வெகு உயரத்தில் நிற்கிறார். இந்த முறை தந்த மிக நல்ல கண்டுபிடிப்பு அதுதான் என்பேன். ஆனால் இதற்கு ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வும் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு 1996-97இலிருந்துதான் முறையாகக் கிடைக்கிறது. ஜோர்டனின் சிகாகோ வாழ்க்கையில் கடைசி இரண்டு சீசன்கள் மட்டும் இந்த வலைக்குள் விழுகின்றன.

கிரிக்கெட்டில் இத்தனை பாடு இல்லை. பிராட்மனின் 99.94 சராசரியை யாரும் பெரிதாகத் தகராறு செய்வதில்லை. மட்டையாளரும் பந்துவீச்சாளரும் நேருக்கு நேர், பந்துக்குப் பந்து கணக்கு. கூடைப்பந்தில் ஒவ்வொரு கூடையிலும் ஐந்து பேரின் கை இருக்கிறது, தடுத்த ஐந்து பேரின் தவறும் இருக்கிறது.

கணக்கு நுழையாத காலத்துக்கு ஒரு முரட்டு வழி உண்டு: ஆள் போனதும் அணி என்ன ஆனது என்று பார்ப்பது. ரஸ்ஸலின் கடைசி சீசனில் செல்டிக்ஸ் 48 வெற்றி, 34 தோல்வி, கோப்பையும் சேர்த்து. அடுத்த ஆண்டு 34 வெற்றி, 48 தோல்வி. சாம் ஜோன்ஸும் அதே நேரத்தில் விலகினார் என்பதை மறைக்கக் கூடாது. லெப்ரான் ஜேம்ஸ் 2010இல் கிளீவ்லேண்டை விட்டுப் போனதும் 61 வெற்றி 19 ஆனது. 2018இல் மறுபடி போனபோது 50 வெற்றி மறுபடி 19 ஆனது. ஜோர்டன் 1993இல் விலகியபோது சிகாகோ 57இலிருந்து 55க்கு மட்டும் இறங்கியது. இதை வைத்து ஜோர்டனைக் குறைத்துப் பேசுவது சிறுபிள்ளைத்தனம். ஸ்காட்டி பிப்பனும் பயிற்சியாளர் ஃபில் ஜாக்சனும் எவ்வளவு பெரியவர்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. கோப்பைகளை எண்ணுவது இதைவிட மோசம். ரஸ்ஸலுக்கு 13 சீசனில் 11, ஜோர்டனுக்கு 6. எந்தச் சிறந்தவர் பட்டியலிலும் பேசப்படாத ராபர்ட் ஹோரிக்கு 7.

இவ்வளவுக்கும் மேலே கேள்வியே ஒன்றல்ல. உச்சத்தில் இருந்த ஒரே ஆண்டுக்கு யாரை எடுப்பீர்கள், முழு வாழ்க்கைக்கு யாரை எடுப்பீர்கள் என்பவை வேறு வேறு. சராசரிகள் சீக்கிரம் விலகியவருக்குச் சலுகை தருகின்றன, மொத்தங்கள் நீடித்தவருக்கு. கரீமின் 38,387 புள்ளிகளை லெப்ரான் 2023 பிப்ரவரியில் தாண்டினார். இருபது ஆண்டு தாக்குப்பிடித்த உடம்பும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சீசனிலும் ஒரு நடுத்தர அணியின் கோப்பை வாய்ப்பை இந்த வீரர் எவ்வளவு உயர்த்தியிருப்பார் என்று மதிப்பிட்டு வாழ்க்கை முழுவதுக்கும் கூட்டும் பென் டெய்லரின் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. நீடித்ததற்கும் கூலி உண்டு, ஆனால் பத்துச் சுமாரான ஆண்டுகள் ஓர் அபார ஆண்டுக்கு ஈடாகாது. அதிலும் மதிப்பீடுகள் ஆசிரியரின் கண்ணைச் சார்ந்தவைதான். அதை அவர் மூடி மறைப்பதில்லை என்பது ஒரு ஆறுதல்.

என்னைக் கேட்டால், எண்களால் ஒரு வட்டம் போட முடியும்: ஜோர்டன், லெப்ரான், கரீம், இவர்களை விட்டுவிட்டு எந்த ஒழுங்கான கணக்கும் முதல் ஐந்தைப் போடாது. வட்டத்துக்குள் யார் முதல் என்பது கேள்வியைப் பொறுத்தது. உச்சம் என்றால் ஜோர்டன், மொத்தம் என்றால் லெப்ரான். ரஸ்ஸலை நானும் அந்த வட்டத்துக்குள்ளேயே வைக்கிறேன். அவருக்கு என்னிடம் இருக்கும் சான்று பிளாக் எண்ணிக்கை அல்ல. தாக்குதலில் பல ஆண்டு சராசரிக்கும் கீழே கிடந்த ஓர் அணி, தடுப்பாட்டத்தை மட்டும் நம்பி ஒரு தசாப்தம் ஆண்டது என்ற செய்தி. சேம்பர்லினை வட்டத்தின் கோட்டின்மேல் நிறுத்துவேன்.

இப்போது கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர் நிகோலா யோகிச். 2014 புது வீரர் தேர்வில் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர், மூன்று சிறந்த வீரர் விருதும் ஒரு கோப்பையும் வாங்கிவிட்டார். வாழ்நாள் பி.இ.ஆர். கணக்கில் ஜோர்டனின் 27.9ஐயும் தாண்டி நிற்கிறார். ஜோர்டன் 40 வயதில், வாஷிங்டன் விசார்ட்ஸ் சட்டையில், முழங்கால் வலியோடு ஆடிய ஆட்டங்களும் அந்த 27.9க்குள் அடக்கம். யோகிச் 1995இல் பிறந்தவர். அவர் சராசரியில் அந்த மாதிரி ஆண்டுகள் இன்னும் ஏறத் தொடங்கவில்லை.